ஒன்றரை லட்சத்துக்கு சவுண்ட் எவ்வளவு மாறும்?
ஆடியோ ஷோரூமில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹோம் தியேட்டர் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். "தம்பி, வீட்ல இருக்கிற செட் நல்லாத்தான் பாடுது. இன்னும் ஒன்றரை லட்சம் போட்டா எவ்வளவு மாறும்?" கேட்பவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாக இருக்கலாம், ஐ.டி. கம்பெனி இளைஞராக இருக்கலாம். இருவருக்கும் அது உழைத்துச் சேர்த்த பணம். இந்தக் கேள்விக்கு நேர்மையாகவும் கணக்கோடும் பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான் கஸ்டமர் பெயர் சொல்லித் தேடி வருவார்.

பதிலுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அறை. அடுத்து ஸ்பீக்கர். பிறகு ஆம்ப். கடைசியில் டாக்கும் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வயரும். காதுக்குத் தெரியும் மாற்றம் இந்த வரிசையில்தான் இறங்கிக்கொண்டே போகிறது. பல வீடுகளில் பணம் இதற்குத் தலைகீழாகச் செலவாகிறது. அதைச் சரிசெய்வதுதான் உங்கள் தொழில் திறமை.

1. பொருளைக் காட்டும் முன் ஐந்து கேள்விகள்

* அறையின் நீளம், அகலம், உயரம் எத்தனை அடி? தரை டைல்ஸா? சன்னலுக்குக் கனமான திரை உண்டா?
* ஸ்பீக்கர் எங்கே, சோபா எங்கே? இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்?
* அதிகம் கேட்பது எது? கச்சேரியா, சினிமாப் பாட்டா, படமா?
* வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?
* இப்போது இருக்கும் செட்டில் எது குறை?

கடைசிக் கேள்விதான் சாவி. "வசனம் புரியல" என்றால் சென்டர் ஸ்பீக்கர் வைத்திருக்கும் இடத்தையும் அறையின் எக்கோவையும் பார்க்க வேண்டும். "பாஸ் குமுறுது" என்றால் பெரும்பாலும் அறையின் அளவுதான் காரணம். "சத்தமா வெச்சா காது வலிக்குது" என்றால் வெற்றுச் சுவரையோ, தாங்கும் அளவைத் தாண்டி ஓடும் ஸ்பீக்கரையோ சந்தேகிக்கலாம். "குறைன்னு ஒண்ணும் இல்ல, புதுசு வந்திருக்காமே" என்று சொல்பவருக்கு அன்றைக்கு எதையும் விற்காதீர்கள். டெமோ போட்டுக் காட்டுங்கள், வீட்டு அறையின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறை என்னவென்று தெரியாமல் வாங்கும் பொருள் எந்தக் குறையையும் தீர்க்காது.

2. அறை: செலவு குறைவு, மாற்றம் அதிகம்

அறையின் ஒலியை முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலி இருந்தது. பேசி நிறுத்திய ஒலி அடங்க 5 வினாடிக்கு மேல் ஆயிற்று. பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து கூடத்தில் பரப்பி, ஒவ்வொரு முறையும் எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார் சபைன். இன்றைய அறை ஒலியியலுக்கு அந்த மெத்தைகள்தான் அடிப்படை.

நம் ஊர் வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தும். சிமென்ட் பூச்சுச் சுவர், வழுவழுப்பான டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை என்று ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லாத அறைகள் நம்முடையவை. கஸ்டமர் வீட்டுக்குப் போனதும் அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். "ட்ர்ர்ர்" என்று வால் நீண்டால், அங்கே எத்தனை லட்சத்துக்கு ஸ்பீக்கர் வைத்தாலும் பாடகரின் சொல் தெளியாது.

சபைன் செய்த சோதனையையே நீங்களும் செய்துகாட்டலாம். வீட்டில் உள்ள இலவம்பஞ்சு மெத்தை இரண்டை ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே வரும் பக்கச் சுவர்களில் சாய்த்து வையுங்கள். அதே பாட்டை மறுபடி போடுங்கள். வித்தியாசத்தைக் கஸ்டமரே சொல்வார். அதன் பிறகு கனமான திரை, தடித்த கார்ப்பெட், புத்தகம் நிறைந்த அலமாரி, ராக்வூல் பேனல் என்று நிரந்தரத் தீர்வைப் பேசலாம். மெல்லிய ஜமுக்காளமோ 1 அங்குல ஃபோமோ மேல் ஸ்தாயியை மட்டுமே தணிக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். மெல்லிய பொருள் எதுவும் அதை நிறுத்தாது.

பாஸுக்கு ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 565-ஐ அறையின் நீளத்தால், அடியில், வகுத்தால் எந்த ஹெர்ட்ஸில் பாஸ் முதலில் வீங்கும் என்று தெரிந்துவிடும். 12 அடி என்றால் 47 ஹெர்ட்ஸ். 10 அடி என்றால் 56. நம்மிடம் அதிகம் காணும் 12-க்கு 10 அறையில் கூரையும் 10 அடி என்றால், அகலமும் உயரமும் சேர்ந்து அதே 56 ஹெர்ட்ஸை இரட்டிப்பாக வீங்கவைக்கும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் ஒரே குமுறலாகக் கலப்பது இதனால்தான். அறையை அளந்து திருத்தும் வசதி இல்லாத புது ஆம்ப் வாங்கினாலும் இந்த 56 அங்கேயே நிற்கும்.

இதற்குக் காசில்லாத முதல் வைத்தியம் இடமாற்றம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் நகர்த்துங்கள். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். சப்வூஃபருக்கு இடம் தேட, முதலில் அதை சோபாவிலேயே வைத்து, பாஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டுச் சுவரோரமாகக் குனிந்து நடந்துகொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் பாஸ் சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அங்கேதான் சப்வூஃபர் நிற்க வேண்டும்.

3. ஸ்பீக்கர்: பெரும்பங்கு பணம் போகவேண்டிய இடம்

மின்சாரக் கருவிகளில் ஒன்றுக்கொன்று மிக அதிகம் வேறுபடுவது ஸ்பீக்கர்தான். பட்ஜெட்டில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஆனால் விலை ஏறினால் தரம் ஏறும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்தவர் ஃபிளாய்டு டூல். ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைத்து, பெயரும் விலையும் தெரியாமல் கேட்கச் சொன்னால், பெரும்பாலோரின் விருப்பம் ஒரே திசையில் போகிறது என்று அவர் காட்டினார். நேர் எதிரே ஏற்ற இறக்கமின்றி ஒலிக்கும், பக்கவாட்டிலும் அதே சீரோடு ஒலி பரப்பும் ஸ்பீக்கரையே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவரோடு பணியாற்றிய ஷான் ஆலிவ், ஹார்மன் நிறுவனத்தில் 40 ஊழியர்களை வைத்துச் செய்த சோதனையை 1994-இல் வெளியிட்டார். அதே ஸ்பீக்கர்களை ஒருமுறை மறைத்தும் ஒருமுறை பார்க்கவிட்டும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பு ஏறியது. சிறிய, மலிவான செட்டுக்கு இறங்கியது. இத்தனைக்கும் கேட்டவர்கள் ஆடியோ நிறுவனத்திலேயே வேலை செய்பவர்கள். கண் காதை எவ்வளவு எளிதாக இழுத்துச் செல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த அளவீட்டு முறைக்கு ஸ்பினோரமா என்று பெயர். ஸ்பீக்கரைச் சுற்றிலும் பல கோணங்களில் அளந்து வரைந்த கோடுகள் அதில் இருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நேர் எதிர்க்கோடு மேடுபள்ளமின்றி ஓடுகிறதா, பக்கக்கோடு திடீரென்று விழாமல் மெல்ல இறங்குகிறதா என்ற இரண்டைப் பார்க்கத் தெரிந்தாலே, விளம்பரத் தாளை மட்டும் ஒப்பிக்கும் விற்பனையாளரிலிருந்து நீங்கள் தனித்துத் தெரிவீர்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால், ஈரக் காற்றில் அது சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். ரப்பர் வளையம் நின்று உழைக்கும். பழைய நல்ல ஸ்பீக்கரில் வளையம் மட்டும் போயிருந்தால், அதை மாற்றிக் கொடுத்தாலே பல வருடம் பாடும். புதியது விற்க முடியாதே என்று தயங்க வேண்டாம். சர்வீஸும் வருமானம்தான்.

4. ஆம்ப்: வாட்ஸ் கணக்கு தெரிந்தால் போதும்

வாட்ஸ் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். 100 வாட்ஸ் ஆம்பை விட்டு 150 வாட்ஸ் ஆம்புக்கு மாறுகிறவருக்குக் கிடைப்பது 1.8 டெசிபலுக்கும் குறைவு. அந்த வித்தியாசத்துக்கு அவர் எத்தனை ஆயிரம் கொடுக்கிறார் என்பதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

தேவை எவ்வளவு? 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் தரும் சத்தம்) உள்ள இரண்டு ஸ்பீக்கர்களை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால், ஒரு வாட்டிலேயே 80 டெசிபலுக்கு மேல் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். ஆக, அன்றாடம் கேட்க ஒன்றிரண்டு வாட்ஸ் போதும். தவிலின் அடி, படத்தின் வெடி என்று திடீரென எகிறும் உச்சங்களுக்கு 100 வாட்ஸ் இருந்தால் நடுத்தர ஹாலுக்கு நிறைவு.

ஆம்பை மாற்றச் சொல்ல நியாயமான காரணங்களும் உண்டு. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி மிகக் குறைவாக இருக்கலாம். அதன் இம்பீடன்ஸ் 4 ஓமுக்குக் கீழே இறங்கி, பழைய ஆம்ப் சூடேறி நின்றுவிடலாம். அறையை அளந்து திருத்தும் ஆடிசி, டைராக் போன்ற வசதி பழைய ரிசீவரில் இல்லாமல் இருக்கலாம். மூன்றாவது காரணம் குறிப்பிடத்தக்கது. மேலே பார்த்த 56 ஹெர்ட்ஸ் வீக்கத்தை அந்தத் திருத்தும் வசதி நேரடியாகக் கட்டுப்படுத்தும். அதற்குக் கொடுக்கும் பணம் காதுக்குத் திரும்பி வரும்.

5. ஹை-ரெஸ், டாக்: பரிசோதனை என்ன சொல்கிறது?

1982-இல் வந்த சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவு 22,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பதிவுசெய்யும். மனிதக் காதின் மேல் எல்லை 20,000. வயது ஏற ஏற அந்த எல்லையும் இறங்கிவிடும்.

2007-இல் பிராட் மேயரும் டேவிட் மோரனும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சி.டி.யைவிட உயர்ந்த அளவில் பதிவான ஹை-ரெஸ் ஒலியை நேராகவும், சி.டி. தரத்துக்குக் குறைத்தும், எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 49.8 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலும் இதே கணக்குதான் வரும். 2016-இல் ஜோஷுவா ரெய்ஸ் 18 ஆய்வுகளின் தரவைச் சேர்த்து ஆராய்ந்தபோது சரியான விடை 52.3 சதவீதமாக இருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது 60-ஐ ஒட்டி வந்தது. வித்தியாசம் சிறிதளவு இருக்கக்கூடும், ஆனால் அது மிக நுணுக்கமானது என்று கஸ்டமரிடம் சொன்னால் அது முழு உண்மை.

ஆகவே கோளாறில்லாத டாக் ஒன்று வீட்டில் இருந்தால், அதைவிடப் பத்து மடங்கு விலையுள்ளதைப் பரிந்துரைக்க ஒலி சார்ந்த காரணம் அநேகமாகக் கிடையாது. நல்ல ரெக்கார்டிங்கைத் தேடிக் கொடுங்கள். ஒரே கச்சேரியின் இரண்டு பதிவுகளுக்கு இடையே கேட்கும் வேற்றுமை, இரண்டு டாக்குகளுக்கு இடையே கேட்பதைவிடப் பல மடங்கு பெரியது.

6. வயர்: கையில் கால்குலேட்டர் போதும்

2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரின் மின்தடை மீட்டருக்கு 0.007 ஓம் அளவில் இருக்கும். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர், மொத்தம் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஒரு சதவீதம்கூட இல்லை. 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பதுதான் பொதுவான வரையறை. மின்சாரக் கடையில் கிடைக்கும் நல்ல தாமிர வயரே இந்த வேலையைச் செய்துவிடும்.

வயர் விஷயத்தில் நீங்கள் உண்மையில் பார்க்கவேண்டியது வேறு. முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ப்ளஸ் மைனஸ் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, வீட்டில் எர்த் சரியாக வேலை செய்கிறதா? பாட்டு இல்லாதபோதும் "உம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் கேபிள் டி.வி. இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கிரவுண்ட் லூப் என்று பொருள். அதற்கு விலை குறைந்த ஐசொலேட்டர் உண்டு. எக்காரணம் கொண்டும் எர்த் பின்னை வெட்டாதீர்கள். அது உயிரோடு விளையாடும் செயல். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஏரியாவில் ஸ்டெபிலைசர் அவசியம். கருவியின் பாதுகாப்புக்கு என்று சொல்லி விற்றால் அது சரியான விற்பனை.

7. டெமோவை நேர்மையாக நடத்துவது எப்படி?

இரண்டு ஆம்ப்களையோ டாக்குகளையோ ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். சற்றே சத்தமாக ஒலிப்பது காதுக்கு நல்லதாகத் தோன்றும். ஆய்வகங்களில் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்துவார்கள். டெஸ்ட் டோன் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் வோல்டேஜ் அளந்தால் உங்களாலும் அந்த அளவுக்கு அருகில் போக முடியும். ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது உட்காரும் இடத்தில் சவுண்ட் மீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து, எது ஓடுகிறது என்று கஸ்டமருக்குத் தெரியக்கூடாது. ஒரு மெல்லிய துணித் திரை போதும். அரை நிமிடப் பகுதி ஒன்றையே மாற்றி மாற்றிப் போட்டு, 16 முறை அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால், வெறும் ஊகத்தில் அப்படி வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அவருக்கு உண்மையாகவே வித்தியாசம் கேட்கிறது. தாராளமாக வாங்கட்டும். 8, 9 என்று நின்றால், "சார், இந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கோ ரூமுக்கோ வைங்க" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு வந்துவிடும்.

8. செலவைப் பயன்பாட்டால் வகுங்கள்

ஒன்றரை லட்ச ரூபாய் ஸ்பீக்கரில் தினமும் 2 மணி நேரம் பாட்டு கேட்பவருக்கு, 10 வருடத்தில் 7,300 மணி நேரம். மணிக்குச் சுமார் 20 ரூபாய். அதையே வாரத்தில் 2 மணி நேரம் மட்டும் கேட்பவருக்கு மணிக்கு 144 ரூபாய். முதலாமவருக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். இரண்டாமவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு விலையில் நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் காட்டுங்கள்.

மரவேலைப்பாடு, பார்வைக்கு அழகு, நீண்ட வாரண்டி, ஊரிலேயே கிடைக்கும் சர்வீஸ், வைத்திருப்பதன் மகிழ்ச்சி எல்லாமே பணம் கொடுத்து வாங்கத் தகுந்தவைதான். அவற்றை அவற்றின் பெயரிலேயே விற்க வேண்டும். "இது அழகுக்கும் உழைப்புக்கும் கொடுக்கிற விலை சார், சவுண்ட் அதேதான்" என்று சொன்ன பிறகும் ஆசைப்பட்டு வாங்குகிறவர் நாளைக்கு உங்கள் மேல் வருத்தப்பட மாட்டார்.

9. டார்கெட் இருக்கிறதே, முதலாளி என்ன சொல்வார்?

நியாயமான கவலை. ஆனால் மேலே சொன்ன வரிசையில் விற்பனை குறையவில்லை, இடம் மாறுகிறது. இப்படிப் பேசிப் பாருங்கள்: "அண்ணே, இவருக்கு ஆம்ப் வேண்டாம். ரூம் அளந்து கொடுக்கிறதுக்கு ஒரு கட்டணம், பேனல், சப்வூஃபர், இன்ஸ்டாலேஷன் எல்லாம் சேர்த்தா பில் அதே அளவுக்கு வரும். வித்தியாசமும் அவருக்குக் கேக்கும். பொருளைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்." முதலாளிக்குப் புரியும் மொழி இது. ஆம்பின் விலையை எந்த இணையக் கடையிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அறையை அளந்து சரிசெய்து கொடுக்கும் ஆளை அப்படி ஒப்பிட முடியாது.

அளவு எடுத்தால் ஒரு பக்க அறிக்கை கொடுங்கள். அறையின் அளவு, கண்ட குறைகள், காசில்லாமல் செய்யவேண்டியவை, வாங்கவேண்டியவை, வாங்கத் தேவையில்லாதவை என்று ஐந்து தலைப்பு போதும். கடைசித் தலைப்பைக் கட்டாயம் நிரப்புங்கள். கஸ்டமர் நண்பர்களிடம் எடுத்துக் காட்டப்போவது அதைத்தான்.

10. கற்றுக்கொள்ள வேண்டியவை

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். மினி டி.எஸ்.பி. நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற யு.எஸ்.பி. அளவீட்டு மைக்கும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். முதலில் உங்கள் வீட்டு அறையை அளந்து பழகுங்கள். சோபாவை ஓரடி நகர்த்தினால் கோடு எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மேலே போக விரும்புகிறவர்களுக்கு வீட்டு ஆடியோ-வீடியோ நிறுவலுக்கென்று 1989-இல் தொடங்கிய சீடியா அமைப்பின் பயிற்சிகளும், அலுவலக, அரங்க நிறுவல்களுக்கு அவிக்ஸாவின் சி.டி.எஸ். சான்றிதழும் உண்டு. ஒலிப்பதிவுப் பக்கம் ஆர்வம் இருந்தால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் படிப்பைப் பற்றி விசாரியுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாலிடரிங் கற்றவரும் இந்தப் படிகளில் ஏறலாம். காதும் கணக்கும் சேர்ந்தால் போதும்.

இந்த வாரமே ஆரம்பியுங்கள். உங்களிடம் முன்பு வாங்கிய ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "சார், ஞாயித்துக்கிழமை வந்து ஸ்பீக்கர் இருக்கிற இடத்தைச் சரிபார்த்துத் தரட்டுமா? காசு வேண்டாம்" என்று கேளுங்கள். மைக்கை வைத்து அளந்து, இருப்பதையே நன்றாகப் பாடவையுங்கள். அடுத்த முறை அவர் லட்சங்களைச் செலவழிக்கத் தீர்மானிக்கும்போது, யாரிடம் யோசனை கேட்பது என்று அவர் தேட வேண்டியிருக்காது.